ஓரங்கட்டிய வண்டி

“வண்டிய ஓரங்கட்டு. இதுக்கு மேல போவ முடியாது” என்று சொல்லிக்கொண்டே போலீஸ்காரர் லத்தியை வேனின் முகப்பில் குறுக்காக வைத்தார்.

கோதண்டராமன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “சார், உள்ள பாடி இருக்குது சார். மூணு மணிக்கு அடக்கம்.”

போலீஸ்காரர் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி. அதன் இரண்டு பக்கமும் ஒரு தாயும் மகளும். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குரல் மட்டும் இளகவில்லை.

“எதுருக்க பாருப்பா. அத்தினி பேரும் வெறுங்காலோட நடக்கறாங்க. அவங்க நடுவுல வண்டிய எப்படி வுடறது? கூட்டம் கம்மியானதும் நானே வழி பண்ணி அனுப்பறேன்.”

“எப்ப சார் கம்மியாவும்?”

“சித்ரா பௌர்ணமிப்பா. என்னக் கேட்டா நான் இன்னா சொல்றது?”

மணி பன்னிரண்டே கால் ஆகியிருந்தது. வேன் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையின் ஓரமாக ஒரு கடை வாசலில் போய் நின்றது. பின்னால் திரும்பவும் வழியில்லை. அவர்கள் தாண்டி வந்த இடமெல்லாம் அதற்குள் ஜனங்களால் நிரம்பிவிட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தாய், அன்புச்செல்வி, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பாஸ்டரும் உறவுக்காரர்களும் பத்தரைக்கே ஜீப்பில் முன்னால் போய்விட்டார்கள். காஞ்சி சாலையில் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், தன் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று அவள் புருஷன் அருள்ராஜ் உடம்பு நன்றாக இருந்த நாளிலேயே சொல்லியிருந்தார். பெட்டி வந்து சேரத் தாமதமானதில் இந்த வேன் மட்டும் பின்தங்கிவிட்டது.

“தம்பி, போன் எதாவது இருக்குதான்னு பாருங்களேன். அந்த ஊரு பால் சொசைட்டிக்கு அடிச்சா பாஸ்டர்கிட்ட சொல்லிடுவாங்க” என்றாள்.

“தோ பாக்கறேன் அண்ணி.” கோதண்டராமன் இறங்கி, கூட்டத்தை ஒட்டியே நடந்து போனான்.

அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து என்ன செய்வது என்று மனசு தேடியது. காலையிலிருந்து அதற்கு ஒரு வேலை மாற்றி ஒரு வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது, பெட்டிக்கு அளவு கொடுப்பது, எந்தச் சட்டையைப் போடுவது, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கப் பால் போதுமா. இவ்வளவுக்கும் நடுவில் அவள் தன் புருஷனின் முகத்தை ஒரு தடவைகூட நிதானமாகப் பார்க்கவில்லை. இப்போது செய்ய எதுவுமே இல்லை. பெட்டியின் மூடி திறந்துதான் இருந்தது. அவள் வெளியே பார்த்தாள்.

கடைக்குள்ளிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் மோர்க் கரண்டி.

“யாருப்பா வண்டி? வருஷத்துல இன்னிக்கு ஒரு நாளுதான் நாலு ஜனம் ஜாஸ்தியா வரும். இன்னாத்துக்கு என் கடைய மறைச்சிக்கினு நிறுத்தற?”

மகள் மணிமொழி இறங்கி நின்று, “எங்கப்பாங்க” என்றாள்.

அந்தப் பெண் வேனுக்குள் பார்த்தாள். கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏங்க, அந்த மோர்ப் பானையெல்லாம் அந்தாண்ட நகத்துங்க. வண்டி புளியமரத்துக்குக் கீழ வரட்டும்.”

உள்ளிருந்து அவள் புருஷன், “நெழலு இங்கதான இருக்குது பச்சையம்மா, நடக்கறவன் நெழலப் பாத்துத்தான வந்து நிப்பான்?” என்றார்.

“நான் சொல்றத செய்யுங்க நீங்க.”

கோதண்டராமன் திரும்பி வந்ததும் வேனை மரத்தடிக்கு நகர்த்தினான். போன் கிடைத்துவிட்டதாம், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம் என்று பாஸ்டர் சொல்லியனுப்பினாராம். பச்சையம்மாள் இரண்டு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். “குடிம்மா. பொணத்துக்கு வெயிலு தெரியாது. உனுக்குத் தெரியும்ல” என்று அன்புச்செல்வியிடம் சொல்லிவிட்டு, வெயிலில் போய்த் தன் பானைகளை அடுக்கினாள்.

கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. தார் கொதித்ததால் சிலர் ஓரத்து மண்ணில் ஓடி ஓடி நடந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையும் கூப்பி அருள்ராஜைக் கும்பிட்டுப் போனார். அன்புச்செல்விக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் கை கூப்பினாள்.

அருள்ராஜ் அரசு பஸ் டிரைவர். பெங்களூர் தடம். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பாதி நாள் அவர் வீட்டில் இருந்ததில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார், வந்தால் தூங்குவார். பௌர்ணமி என்றால் சிறப்பு பஸ், விடுப்பே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு தடவை வீட்டில் இருந்திருக்கிறார். அவளும் சும்மா இருந்தவள் இல்லை. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளி, டியூஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர் வகுப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் வாசற்படியில் பார்த்துப் பேசிக்கொண்டதுதான் அதிகம். ரிட்டயர் ஆனதும் உட்கார்ந்து பேசலாம் என்று அவர் சொல்வார். அவளும் சரி என்பாள்.

போன ஆடி மாதம் சிங்காரப்பேட்டை தாண்டிப் போகும்போது அவருடைய வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. இடது கையாலேயே பஸ்ஸை ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்ட பிறகுதான் சாய்ந்திருக்கிறார். ஐம்பது பேர் இருந்த பஸ். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். அவள் யாரிடமும் குறை சொல்லாமல் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மருந்து தவறவிட்டதில்லை. அவர் இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டுவார். பக்கத்தில் உட்கார் என்று அர்த்தம். “தோ வந்துட்டேங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த வேலைக்குப் போவாள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை ஜெபவீட்டில் உபவாச ஜெபம். ஈஸ்டருக்குள் உங்கள் வீட்டுக்காரர் எழுந்து நடப்பார் என்று அங்கே ஒரு அம்மா தரிசனம் கண்டு சொல்லியிருந்தாள். அன்புச்செல்வி அதை அப்படியே நம்பினாள். ஈஸ்டருக்கு முதல்நாள் கடைத்தெருவுக்குப் போய் அவருக்குப் புதுச் செருப்பு வாங்கிவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். ஈஸ்டர் போய் நாலு வாரமாகிவிட்டது.

கோதண்டராமன் வேனின் படியில் உட்கார்ந்து பீடியை எடுத்தான். பிறகு பெட்டியைப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டான். அருள்ராஜோடு எட்டு வருஷம் கண்டக்டராகப் போனவன் அவன்.

“அன்னிக்கும் இப்படித்தான் அண்ணி, ஒரு புளியமரம்” என்றான். “பஸ்ஸுல இருந்து எறக்கிப் படுக்க வெச்சோம். ஜனத்தையெல்லாம் வேற வண்டில ஏத்தி வுட்டுட்டேன். ஆஸ்பத்திரி வண்டி வர ஒண்ணரை மணி நேரம் ஆயிடுச்சி. என் கையப் புடிச்சிக்கினு இருந்தாரு. நானு இன்னா பேசறதுன்னு தெரியாம பேசாம உக்காந்துக்கினு இருந்தேன். பயந்த மாதிரியே இல்ல அண்ணி அவரு. மேல எலையப் பாத்துக்கினு படுத்திருந்தாரு. ஊருக்குப் போயி இறங்கின ஆளு மாதிரி.”

அன்புச்செல்வி தலையசைத்தாள். அவளுக்குள் ஏதோ சுருக்கென்றது. அது துக்கம் என்று முதலில் நினைத்தாள். கொஞ்சம் கழித்துத்தான் பொறாமை என்று தெரிந்தது. ஒன்றரை மணி நேரம். எதுவும் பேசாமல், கையைப் பிடித்துக்கொண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் தனக்கு அப்படி ஒன்று வாய்த்ததா என்று யோசித்துப் பார்த்தாள்.

கோதண்டராமன் போலீஸ்காரரைப் பார்க்கப் போனான். தாயும் மகளும் மட்டும் வேனில் இருந்தார்கள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மணிமொழி கடையில் வாங்கிய வாளித் தண்ணீரில் துணியை நனைத்துப் பெட்டியின் ஓரத்தில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அப்பா விழுந்த பிறகு கல்லூரி விடுதியை விட்டு வீட்டுக்கே வந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தாள்.

“நேரம் ஆவுதே. ஜெபம் பண்ணலாமா மணி? வழி தெறக்கணும்னு” என்றாள் அன்புச்செல்வி.

மணிமொழி நிமிரவில்லை. “நீ பண்ணும்மா.”

“ஏன், நீ?”

“நீதான் எப்பவும் பண்ணிக்கினே இருந்தியே. ஒன்பது மாசமா.” துணியை வாளியில் போட்டாள். “நீ ஜெபவீட்டுக்குக் கெளம்பறப்பல்லாம் அப்பா ஜன்னல் வழியா உன்னயத்தான் பாப்பாரு. நீ தெருக்கோடி திரும்பற வரைக்கும். அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அத நீ பாத்ததில்ல.”

வெளியே யாரோ வெள்ளரிக்காய் கேட்டார்கள். பச்சையம்மாள் பதில் சொல்லும் சத்தம் வந்தது. அன்புச்செல்வி மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்; மறுபடியும் கோத்துக்கொண்டாள்.

“மணி” என்றாள். “காலையில ஒண்ணு நடந்துச்சி. நான் யாருகிட்டயும் சொல்லல.”

மகள் திரும்பிப் பார்த்தாள்.

“அஞ்சு மணிக்கு நான் சமையக்கட்டுல முட்டி போட்டு ஜெபத்துல இருந்தேன். நீ பின்னாடி தண்ணி புடிச்சிக்கினு இருந்த. அப்ப அப்பா ஒரு சத்தம் குடுத்தாரு. எனக்குக் கேட்டுச்சி. நல்லா கேட்டுச்சி. முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன். பாட்டையும் பாடி, ஆமென் சொல்லி எழுந்து போயிப் பாத்தா…”

அவள் நிறுத்தினாள். தன் குரல் சாதாரணமாக, வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

மணிமொழி எழுந்து பெட்டியைச் சுற்றி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எப்படி இருந்துச்சும்மா அந்தச் சத்தம்?”

“சத்தம்தான்.”

“இல்லம்மா. வெட்டி வெட்டி வந்துச்சா, நீட்டமா வந்துச்சா?”

அன்புச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய வாயிலிருந்து, தாழ்ந்த குரலில், ஒரு ராகத்தை ஆரம்பித்துப் பாதியில் விட்டதுபோல அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள். எதிரில் போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

“அது கூப்படறது இல்லம்மா” என்றாள் மணிமொழி. “கூப்படணும்னா வெட்டி வெட்டித்தான் வரும். இது நீ காலையில பாடறப்ப அவரு கூடப் பாடறது. தெனம் பண்ணுவாரு. சமையக்கட்டுக்குக் கேக்காது, அவ்ளோ மெதுவா. இன்னிக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தியா வந்திருக்கும்.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தாம்மா.”

அன்புச்செல்வி மகளின் முகத்தையே பார்த்தாள். சத்தம் வந்தபோது தான் பாட்டை ஆரம்பித்திருந்தோமா, அதற்கு முன்பா என்று அவளுக்கு நினைவில்லை. மகள் உண்மையைத்தான் சொல்கிறாளா, அம்மாவுக்காக இந்த நிமிஷம் உண்டாக்கிச் சொல்கிறாளா என்றும் தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் அது தனக்குக் கொடுக்கப்பட்டது என்று மட்டும் தோன்றியது. மணிமொழி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அப்போதுதான் அன்புச்செல்வி பெட்டிக்குள் பார்த்தாள்.

வெள்ளைச் சட்டையில் அவர் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தார். ஒன்பது மாதமாக ஒரு பக்கம் கோணியிருந்த வாய் நேராகியிருந்தது. நெற்றியில் டிரைவர் சீட்டின் வெயில் வாங்கிக் கறுத்த இடம் இன்னும் அப்படியே. காலையில் யாரோ அவசரமாகச் சவரம் செய்துவிட்டதில் காதுக்குப் பின்னால் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் முந்தானையை வாளித் தண்ணீரில் தொட்டு, அதைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. புருவத்தில் இரண்டு முடி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? அவர் மீசைக்கு மேல் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. அதன் கதையை அவர் சொல்லியிருக்கக்கூடும். அவள் காதில் வாங்காமல் இருந்திருக்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவள் வருஷா வருஷம் ஒரு கதை சொல்வாள். நண்பனுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு சகோதரிகள் ஆள் அனுப்பியும் இயேசு உடனே கிளம்பாமல் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் வருகிறார். அதற்குள் நண்பன் இறந்துபோகிறான். பிள்ளைகள் கடைசிக்காகக் காத்திருப்பார்கள், கல்லறையிலிருந்து கூப்பிட்டு எழுப்பும் இடத்துக்காக. அவளும் அந்த இடத்துக்கே விரைவாள். நடுவில் அவர் கல்லறைக்குப் போகும் வழியில் நின்று அழுதார் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போவாள். எழுப்பப் போகிறவர் எதற்கு அழ வேண்டும் என்று ஒருதடவை ஒரு சின்னப் பெண் கேட்டாள். அது அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள் அன்புச்செல்வி.

இப்போது கதையின் அந்த இடத்திலேயே அவள் நின்றிருந்தாள். எழுப்பச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை. வழி திறக்கவும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது மாதமாக அவள் ஜெபவீட்டில் தேடிக்கொண்டிருந்த இயேசு, இந்தப் புளியமரத்தடியில், வண்டியின் சூட்டிலும் பெட்டியில் கிடந்த மல்லிகைப் பூவின் வாசத்திலும், அவளோடு சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவரும் எதுவும் பேசவில்லை. அருள்ராஜின் இடது கையை அவள் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். ஒரே ஒரு சாயங்காலம், அந்த ஆறு மணி, அந்தக் கட்டில் விளிம்பு மறுபடியும் வேண்டும் என்று உடம்பு முழுவதும் கேட்டது. அவள் அழுதாள். சத்தம் வரவில்லை. மணிமொழி அவள் கண்ணைத் துடைக்க முயலவில்லை.

நான்கு மணிக்குப் பிறகு கோதண்டராமன் ஓடிவந்தான். “அண்ணி, ரெண்டு போலீஸு முன்னாடி நடந்து வந்து வழி வுடறேன்னு சொல்றாங்க. கெளம்பிடலாம்.” ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

“இருங்க தம்பி” என்றாள் அன்புச்செல்வி.

அவன் திரும்பிப் பார்த்தான். எதையாவது மறந்துவிட்டாளோ என்று நினைத்தான்.

“கொஞ்சம் இருங்க. தோ போலாம்.”

கோதண்டராமன் கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருந்தான். போலீஸ்காரர் கையை ஆட்டினார். அவன் பதிலுக்குக் கையைக் காட்டினான். பிறகு அவளே, “போலாம் தம்பி” என்றாள். பச்சையம்மாள் சாலையோரம் வந்து நின்றாள். அன்புச்செல்வி வெளியே கை நீட்டினாள். பச்சையம்மாள் அந்தக் கையைப் பிடித்து, வண்டியோடு நாலு எட்டு நடந்த பிறகுதான் கையை விட்டாள்.

அடக்கம் ஐந்தே முக்காலுக்கு நடந்தது. பாஸ்டர் சுருக்கமாக முடித்தார். அவருக்கு அசதி. காலையிலிருந்து பட்டினியாகக் காத்திருந்த உறவுக்காரர்களுக்கும் அசதி. ஆளுக்கொரு பிடி மண் போட்டு, மண் மூடி, மேலே பூவைப் பரப்பினார்கள். “இருட்டறதுக்குள்ள கெளம்பணும். வழி மறுபடியும் மாட்டிக்கும்” என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

அன்புச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமண் மேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “அம்மா, போலாமா?” என்று கேட்க வந்த மணிமொழி, கேட்காமல் அவளும் உட்கார்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கத்திரித் தோட்டத்தில் ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சினாள். மடை வழியே வந்த தண்ணீர் ஒரு பாத்திக்குள் நுழைந்து, வெடித்த மண்ணில் இறங்கி, மெல்ல மெல்லச் செடிகளின் அடியைத் தொட்டது. அவள் மண்வெட்டியை ஊன்றி நின்று, அந்தப் பாத்தி நிறையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.